கோடு எந்தப் பக்கம்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பழவேற்காட்டிலிருந்து போன் வந்தது. "அம்மா பூட்டாங்க மாமா. மத்தியானமே எடுத்துட்டோம்" என்றான் தனத்தின் மகன். எனக்கு எண்பது தாண்டிவிட்டது, பஸ் ஏறிப் போய் நிற்கக் காலில் தெம்பில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டியில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. ஸ்டெபிலைசர் போர்டு செய்யும் சின்னக் கொட்டகை அது. ஐம்பது, அறுபது என்றுதான் ஆர்டர் வரும், ஒவ்வொன்றும் ஒரு விதம். ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, நடுவில் வைத்த மாதிரி போர்டைப் பார்த்து, சாமான்களின் காலை வளைத்து ஓட்டையில் சொருகுவார்கள். நான் அடியில் ஈயம் வைப்பேன். படிக்க வேண்டிய வேலை எதுவும் அங்கே இல்லை.

ஆறு பேரில் தனம்தான் கை வேகம். டயோடு என்று நெல்மணி போல ஒரு கறுப்புச் சாமான், ஒரு முனையில் வெள்ளிக் கோடு இருக்கும். திருப்பிப் போட்டால் போர்டு வேலை செய்யாது. ஒவ்வொன்றையும் சொருகுமுன் "கோடு எந்தப் பக்கம்?" என்று முணுமுணுப்பாள். பக்கத்தில் இருப்பவள், "ஊட்டுக்காரரையும் இப்டித்தான் திருப்பிப் பாத்துக் கட்டிக்கினியா?" என்பாள். "அந்தாளுக்குக் கோடே கெடையாதுடி. எப்டிப் போட்டாலும் ஓடாது."

நான் வருகைச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை ஒரு நாள் அவள் பார்த்துவிட்டாள். கையிலிருந்து வாங்கி நேராக்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் தெரியும்.

பிறகு முதலாளி எங்கிருந்தோ ஒரு பழைய மிஷின் வாங்கி வந்தார். காகித நாடாவில் சாமான்களை வரிசையாக ஒட்டி, ரோலாகச் சுற்றிக் கொடுத்தால் அதுவே சொருகும். "இந்த அறுபது போர்டும் சரியா வந்துட்டா பொம்பளைங்கள நிறுத்திடலாம்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். எல்லோர் காதிலும் விழுந்தது.

ரோல் ஒட்டும் வேலை எனக்கு. சூப்பர்வைசர் ஒரு தாளைக் கொடுத்து, "படிச்சிட்டியா?" என்றார். "படிச்சிட்டேன் சார்" என்றேன். கோடு என்னைப் பார்க்கும்படி எல்லா டயோடையும் ஒட்டினேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரம், மிஷின் ஓட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தனம் மாதிரி போர்டை எடுத்து வந்து ரோலின் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னாண்ணா இது, அத்தினியும் திரும்பிக்கினு கீதே."

கையால் சொருகினால் ஒன்றுதான் தப்பாகும். இந்த ரோல் இப்படியே ஓடியிருந்தால் அறுபதும் தப்பாகியிருக்கும். மிஷின் உதவாது என்று முதலாளி முடிவு செய்திருப்பார், ஆறு பேர் வேலையும் நிலைத்திருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டால் போதும்.

"கம்முனு இருந்துட்டேன்னு வையி, உன்னியத்தான் கேப்பாங்க. தாள நீட்டிப் படின்னா இன்னா பண்ணுவே?" என்றாள். சோற்றுத் தூக்கைத் திறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, டயோடுகளைப் பிய்த்துத் திருப்பி ஒட்ட ஆரம்பித்தாள்.

மற்ற ஐந்து பேரும் பார்த்தார்கள். "மிஷினுக்குச் சேவகம் பண்றியா? நம்ம சோத்துல நீயே மண்ணு போடுடி" என்றாள் ஒருத்தி. தனம் அடுத்த டயோடைப் பிய்த்தாள். தப்பு என்னுடையது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் எழுத்துக் கதையும் வெளியே வரும். என் கையிலிருந்த நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபதும் சரியாக வந்தன. வார முடிவில் ஆறு பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ரயிலுக்குப் போகும்போது ஐந்து பேர் ஒன்றாக நடந்தார்கள், தனம் தனியாக.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆர்டருக்கு ஆர்டர் ரோல் மாற்றி மிஷினைத் திருத்தவே இரண்டு நாள் போயிற்று. அதற்குள் கையால் அறுபதும் முடித்திருப்பார்கள். முதலாளி மிஷினுக்குத் துணி போர்த்திவிட்டு, பெண்களைக் கூப்பிடச் சொன்னார். நான் பழவேற்காட்டுக்குப் போனேன். தனம் கரையில் இறால் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா தனம். மிஷினு போத்திக்கினு தூங்குது."

"அவங்க அஞ்சு பேரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

"அவங்களாண்ட நீ சொன்னியாண்ணா?"

நான் இறால் கூடையைப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டு, "சரி வுடு. ஊட்டாண்ட வந்துட்டு நாஷ்டா துன்னாம போவாதே" என்று எழுந்தாள். நான் சாப்பிட்டேன். அவள் வேலைக்கு வரவே இல்லை.

அந்த ஐந்து பேரில் இருவர் இன்னும் உயிரோடு இருப்பதாகக் கேள்வி. அவர்களுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள். ரோலைத் தப்பாக ஒட்டியது நான். அன்று அவள் பட்டினியாக உட்கார்ந்தது மிஷினுக்காக அல்ல, எனக்காக.

டார்ச்சுக்கு பேட்டரி போடும்போதெல்லாம் "கோடு எந்தப் பக்கம்?" என்று அவள் குரல் வரும். அந்தக் கேள்விக்குப் பதில் என் விரலுக்குத் தெரியும். "சொன்னியாண்ணா?" என்பதுதான் அவளிடமிருந்து என்னோடு தங்கிவிட்டது. இன்று சொல்லிவிட்டேன். கேட்டவள் இல்லை, கேள்வி அப்படியே இருக்கிறது.