சாரல் நடுக்கம்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கிமணியின் கை பட்டால் எருமை மாடும் தூங்கிவிடும் என்பார்கள். அப்பேர்ப்பட்ட கைக்காரருக்குத் தன் வயிற்றுக்குள் நடப்பது மட்டும் பிடிபடவில்லை.

பல வருஷமாகக் கணையத்தில் வீக்கம். குடித்துக் கெட்டான் என்றது ஊர். அவர் நாக்கில் ஒரு சொட்டுச் சாராயம் பட்டதில்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? போன சித்திரையில் கண் மஞ்சளாகி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துக்குப் போனது. கீழாநெல்லி அரைத்துக் குடித்ததில் இருபது நாள் வீணானது. பிறகுதான் திருநெல்வேலிக்குப் போனார்கள். தடித்துப்போன கணையம் பித்தக்குழாயை நெருக்குகிறது என்ற டாக்டர், வாய் வழியாகக் கருவியை விட்டு, அந்த இடுக்கில் ஸ்டென்ட் என்கிற சின்ன பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்தார்.

“புற்று மாதிரி தெரியல. ஆனா மூணு மாசத்துல இத மாத்தணும், விட்டா அடைச்சுக்கும். குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா அன்னைக்கே ஓடி வந்துரணும்” என்றார்.

‘மாதிரி’ என்ற அந்த ஒரு சொல் இசக்கிமணியின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மூன்றாம் மாசம் சரியாக ஆடியில் வந்து விழுந்தது. சீசன் நேரத்தில் குற்றாலத்துக்காரன் பல்லைக்கூடப் பிடுங்கமாட்டான். எல்லாம் ‘சாரல் முடியட்டும்’தான். இவரும் அதையே சொன்னார், மனைவி அனுசியா நம்பினாள்.

ஆவணி பிறந்த மறுநாள் நடுக்கம் வந்தது. அருவிக்கரையில் யார்தான் நடுங்கவில்லை? பல் கிட்டிய கூட்டத்துக்குள் இவருடைய நடுக்கமும் கலந்துபோனது. அடுத்த நாள் ஒரு மதுரைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்:

“அண்ணாச்சி, கை நல்லா கதகதன்னு இருக்கு. இந்தச் சுகம் எங்கயும் கெடச்சதில்ல.”

பக்கத்தில் இருந்தவர் தனக்கும் இவரே தேய்க்கட்டும் என்றார். இசக்கிமணிக்குத் தன் சாவை எண்ணெயில் குழைத்து அடுத்தவன் முதுகில் தேய்ப்பதுபோல் இருந்தது. ஆனாலும் தேய்த்தார். மறுபடி உள்ளே பார்த்து, இது புற்றுதான் என்று சொல்லிவிட்டால்? பார்க்காதவரை அது புற்றில்லை.

மத்தியானம் சோறு கொண்டுவந்த அனுசியா, தூக்குச்சட்டியைக் கொடுக்கும்போது அவர் விரலைத் தொட்டுப் பதறினாள்.

“என்ன இப்படிக் கொதிக்குது! கண்ணக் காட்டுங்க.”

“சாரல்ல நின்னா நடுங்கத்தான செய்யும்?”

“நானும் இதே சாரல்லதான் நிக்கேன். எனக்கு நடுங்கலியே?”

அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. தென்காசிக்கு ஆட்டோ, அங்கிருந்து திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸ். வழிநெடுக அனுசியா இசக்கியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். அடைத்துச் சீழ் கோத்திருந்த ஸ்டென்ட்டை அன்றைக்கே எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் வந்து நின்றார். “சதை எடுத்துப் பார்த்தாச்சு, புற்று இல்ல. ஆனா இன்னும் ஒரு நாள் தாமதிச்சிருந்தா பொழைச்சிருக்க மாட்டீங்க.”

“இவுக சாரல் குளிருன்னு நெனச்சு ஏமாந்துட்டாக, டாக்டர்” என்றாள் அனுசியா.

இசக்கிமணி தலையை ஆட்டினார். “இல்ல. மொத நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வரல.”

அவர் கையைப் பிடித்திருந்த அனுசியா அதை மெல்ல விட்டாள்.

“அப்பம், ஒரு வார்த்த சொல்லாம என்னைய விட்டுட்டுப் போகத்தான் பாத்தீயளா?”