ஈயப் பெட்டிக்கு ஈரச் சாக்கு

ஈரச் சாக்கைப் பிழிந்து உதறி, வேனின் பின்பக்கம் விரித்துவிட்டுத்தான் தனசேகரன் பாயா லேபார் விமான நிலையத்துக்குக் கிளம்புவார். ஆஸ்பத்திரி டிரைவர் அவர். கழுத்துச் சுரப்பி நோய்க்காரர்கள் குடிக்கும் கதிர்வீச்சு அயோடின் சீமையிலிருந்து விமானத்தில் வரும். குப்பி விரலளவுதான்; அதை வைத்து மூடிய ஈயப் பெட்டியோ அம்மிக்கல் கனம்.

அந்த மருந்து நாளுக்கு நாள் தானாகவே கரைந்து வீரியம் இழக்கும், வாங்கிச் சேர்த்துவைக்க வழியில்லை என்று டாக்டர் சொன்னதை அவர் தம் போக்கில் எடுத்துக்கொண்டார். வெயிலில் கரையக் கூடாதே என்று ஈரச் சாக்கு. சாக்கென்ன, பனிக்கட்டிக்குள் புதைத்தாலும் நிற்காது என்று டாக்டர் சிரித்தார். "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு, மறுவாரமும் சாக்கை நனைத்தார்.

பெட்டியைத் தொடுமுன் அடுத்த பெட்டி எப்போது என்று கேட்பது இன்னொரு பழக்கம். சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி ஜேசுதாசன், யாழ்ப்பாணத்துக்காரர், அலுத்துக்கொள்வார்.

"முதல்ல இதைக் கொண்டு போம். உமக்கு மனிசியைவிட இந்தப் பெட்டியிலதான் கவலை."

"பொண்டாட்டி வீட்டுல அப்படியே இருக்கா. இது இருக்குமா லா?"

அறுபத்தைந்தாம் வருஷம் சீனப் பெருநாளும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன. கொட்டகையில் சீனருக்கும் லீவு, மலாய்க்காரருக்கும் லீவு. பெட்டி வருவதோ சீனப் பெருநாளன்று. பூட்டிய கொட்டகையில் கிடந்தால் கிடந்த இடத்திலேயே வீரியம் போகும். அதற்காகக் காத்திருந்தவள் சிராங்கூன் ரோட்டில் பூக் கட்டும் கண்மணி. அந்த நோய் தந்த கை நடுக்கத்தில் கட்டக் கட்டச் சரம் அவிழ்ந்து, வியாபாரமே படுத்துவிட்டது. போன தடவை விமானம் தாமதித்ததால் மருந்து போதாமல் திரும்பிப் போனவள், "அண்ணே, இந்தத் தடவையாச்சும் கிடைச்சிடுமா?" என்று கேட்டிருந்தாள்.

தனசேகரன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். உடைத்த கையோடு ஜேசுதாசனிடம் போனார்.

"ஆண்டவன் பாத்துக்குவாருங்க. ஆனா கொட்டகைச் சாவி உங்ககிட்டதானே இருக்கு."

குடும்பத்தோடு ஜொகூருக்குப் போவதாக இருந்தவர் ஜேசுதாசன்.

"ஓம், நான் நிக்கிறன். மனிசிக்கு நீர்தான் வந்து சொல்ல வேணும்."

போய்ச் சொன்னார். அந்த அம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, காப்பியும் குடித்துவிட்டு வந்தார்.

பெருநாளன்று பட்டாசுப் புகைக்குள் வேன் போய்த் திரும்பியது. கண்மணி மருந்தைக் குடித்தாள். சித்திரை பிறந்த பிறகு கை மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. கிராணி ஐயா வீட்டு மாதாவுக்கு என்று நெருக்கமாக ஒரு மல்லிகை மாலை கட்டிக் கொடுத்தாள். அடுத்த பெட்டியை எடுக்கப் போன தனசேகரன், வாடாமலிருக்க அதை ஈரச் சாக்கில் சுற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்.

"இன்றைக்குத்தான் உம்முடைய சாக்குக்கு ஒரு அர்த்தம்" என்று ஜேசுதாசன் மாலையை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தனசேகரனும் சிரித்தார். அடுத்த பெட்டி எப்போது என்று கேட்டுக்கொண்டே, குழாயடியில் சாக்கை மறுபடி நனைத்துப் பிழிந்து, அன்று வந்த பெட்டிக்கு இழுத்துப் போர்த்தினார்.