ஒருமுறைதான் கைமாறும்

டெரிக் ஹோல்ராய்டு பிறந்தது, வளர்ந்தது, தலை நரைத்தது எல்லாமே தோர்ன்லி குடியிருப்பில், ஊர் நிர்வாகமான கவுன்சில் வாடகைக்கு விட்ட அந்த வீட்டில்தான். அம்மா ஹில்டா பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தபோது டெரிக்குக்கு வயது ஐம்பத்தெட்டு. பஸ் டிப்போவில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மாவைக் குளிப்பாட்டுவது, சூப் ஊட்டுவது, ராத்திரியில் இருமினால் எழுந்து பார்ப்பது. கடைசி ஒன்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

அடக்கம் முடிந்த வாரமே கவுன்சிலுக்குத் தகவல் சொன்னார். வாடகை உரிமை இனி தன் பெயருக்கு வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு கிளிஃபுக்கு அந்த நம்பிக்கை இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சீண்டினார்.

"அன்னைக்கே கவுன்சில் இந்த வீடுங்கள குடியிருக்கறவங்களுக்கே பாதி விலைக்குக் குடுத்துச்சு. நான் வாங்கிப் போட்டேன். உங்கம்மா வாங்க மாட்டேன்னுச்சு. இப்பப் பாரு, கவுன்சில்காரன் என்ன சொல்லுவானோன்னு கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கிற."

"எல்லாரும் வாங்கிட்டா, இல்லாதவன் எங்க போவான்னு அம்மா கேக்கும். நீ வாங்கினியே, அதுக்குப் பதிலா ஒண்ணு கட்டினாங்களா?"

கட்டவில்லை என்பது ஊரறிந்த விஷயம். விற்கத் தெரிந்தவர்களுக்குக் கட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் டெரிக் கட்டிய பணத்தைக் கவுன்சில் வாங்கிக்கொண்டது. ஆனால் அதை வாடகை என்று சொல்ல மறுத்தது. வாடகை என்று சொல்லி வாங்கினால் அவர் வாடகைதாரர் ஆகிவிடுவாரே! 'வீட்டில் இருப்பதற்கான கட்டணம்' என்று அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கேட்ட பிறகுதான் வீடு தனக்கு வராமலும் போகலாம் என்று அவருக்கு உறைத்தது.

ஏப்ரலில் குடியிருப்பு அதிகாரி ருக்சானா மீர் வீட்டுக்கு வந்தார். கெட்ட சேதியைச் சுற்றி வளைக்காதவர். டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்.

"டெரிக், வாடகைதாரர் இறந்தா அந்த உரிமை வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு தடவைதான் கைமாறும். இந்த வீட்டுல அது ஏற்கெனவே மாறிடுச்சு."

"யாருக்கும்மா மாறிச்சு? ஆரம்பத்துலேர்ந்து அம்மாதானே இருக்கு?"

"அப்பா பேரும் சேர்ந்து இருந்துச்சே. அவர் இறந்து அம்மா தனியா நின்னாங்க பாருங்க, அதையே ஒரு தடவைன்னு எடுத்துக்குது சட்டம்."

"அவர் சாகறதுக்கு முன்னாடியே பேரை எடுத்திருந்தா?"

ருக்சானா தயங்கினார். "அம்மா பேருக்கு மட்டும் புதுசா எழுதியிருப்பாங்க. வீடு இப்ப உங்களுக்கு வந்திருக்கும்."

டெரிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

தொண்ணூற்றொன்றில் நடந்தது அது. அப்பா ஸ்டான் சுரங்கத் தொழிலாளி, கை நீட்டுகிற ஆள். வேறொருத்தியோடு டான்காஸ்டருக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அம்மா ஒருவழியாகத் துணிந்து, அவர் பெயரை நீக்கக் கவுன்சில் ஆபீசில் நாள் குறித்து வாங்கியிருந்தார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸ்டான் வாசலில் வந்து நின்றார். நுரையீரல் முழுக்கக் கரித்தூள். அந்தப் பெண்ணும் துரத்திவிட்டிருந்தாள்.

"உள்ள விடுடா. என் பேரு இன்னும் இருக்குல்ல?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ சொல்லுடா டெரிக். நீ சொல்றதுதான்."

டெரிக்குக்கு அப்பாவிடம் பயம் எப்போதோ விட்டுப்போயிருந்தது, வெறுப்பு போகவில்லை. ஆனாலும் ஒதுங்கி வழி விட்டார். முன்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்தார். பெயரை நீக்கினால் ஆளையும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் ஆபீசுக்கு யாரும் போகவில்லை. ஸ்டான் எட்டு மாதம் கிடந்து செத்தார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. டீயில் சர்க்கரை போதவில்லை என்பதைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் டெரிக் சொல்ல ருக்சானா கேட்டுக்கொண்டார். பிறகு, "மேல எழுதிப் பாக்கலாம். ஆனா நிக்காது. இங்க மூணு படுக்கையறை, நீங்க ஒரே ஆளு. ஒரு அம்மா நாலு பிள்ளைங்களோட வீடு கெடைக்காம, கவுன்சில் புடிச்சுக் குடுத்த ஓட்டல் ரூம்ல ஒரு வருஷமா கெடக்கறாங்க" என்றார்.

"எழுத வேணாம்மா. வயிறு எரியுது, இல்லேன்னு சொல்லல. செத்தும் அந்தாளு எங்களை விடல. ஆனா அன்னைக்குக் கதவைச் சாத்தியிருந்தா, அதே கதவைத் தொறந்து இத்தனை வருஷம் எப்படிப் போய்வந்திருப்பேன்?"

ஊரின் மறுகோடியில், நாலாவது மாடியில், ஓர் அறை ஃப்ளாட் ஒன்றைக் கவுன்சில் தருவதாகச் சொன்னது. மே மாதம் ஆபீசில் ருக்சானா ஒப்பந்தத்தை அவர் முன்னால் வைத்தார். அதில் டெரிக்கின் பெயர் மட்டும் இருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு வீடு அவர் பெயரில் இருப்பது இதுதான் முதல் தடவை.

"இதுவும் ஒரு தடவை கைமாறுமா?"

"மாறும். ஆனா இப்ப சட்டத்தை மாத்திட்டாங்க. மனைவிக்கு மட்டும்தான்."

டெரிக் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோய்க் கண் நிறைந்துவிட்டது.

"அப்ப மனைவி பேரு கேக்கற எடத்துல ஒண்ணும் எழுத வேண்டியதில்ல" என்றார்.

ருக்சானா பேனாவை நீட்டினார்.