நாலு மணிக்குப் போகும் லைன்

போன வாரம் வீட்டில் இணையம் நின்றதும், பக்கத்து ஃபிளாட்காரர் ஏதோ செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, என் புத்தி அப்படி. பார்த்தால் மழைத்தண்ணீர் இறங்கி இணைப்புப் பெட்டி துருப்பிடித்திருந்தது. திறந்ததும் வந்த துரு வாடை என்னை நேராக மரக்காணத்தில் கொண்டுபோய் விட்டது.

இரண்டாயிரத்து ஐந்து. உப்பளத்தை ஒட்டி ஒரு கணினிப் பயிற்சி மையம். அதற்குள் இணையம் பத்திரமாக வந்துபோக வழி அமைப்பதுதான் என் முதல் வேலை. ஒன்று போனால் இன்னொன்று என்று இரண்டு லைன், வெளியாள் நுழையாமல் நடுவில் ஃபயர்வால், மாணவர்களுக்கும் ஆபீசுக்கும் தனித்தனி வலை. எதிரில் வருகிற எல்லோரும் திருடர்கள் என்று வைத்துக்கொண்டு வரைந்த படம் அது. அந்த இரண்டு லைனும் வெளிச்சுவரில் ஒரே இரும்புப் பெட்டிக்குள்தான் வந்தன. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டும் சேர்ந்து செத்தன. பத்து நிமிடத்தில் தானாக உயிர் வந்தது. பாஸ்வேர்டுகளை மாற்றினேன். மாணவர்களைச் சந்தேகப்பட்டேன், லைன்மேனைச் சந்தேகப்பட்டேன், டீ கொண்டுவருபவரைக்கூட விடவில்லை. ஒருநாள் சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மையத்தைக் கூட்டிப் பெருக்கும் மேரியக்கா பெட்டிக்கான மின் சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சாவியைப் பெட்டி மேலேயே வைத்திருந்த புத்திசாலி நான்தான்.

“என்னக்கா பண்றீங்க?”

“உப்புக் காத்து சார். நல்ல தண்ணில தொடச்சி எண்ணெ போடலன்னா இரும்பு நிக்காது. உப்பளத்துல மோட்டாருக்கு டெய்லி இப்படித்தான் செய்வோம்.”

“யாரு செய்யச் சொன்னது?”

“யாரும் சொல்லல சார்.”

அந்தப் பதில்தான் என்னை உறுத்தியது. யாரும் சொல்லாமல் ஒருவர் எதற்கு வேலை செய்வார்? கருவிகளில் கை வைக்கிறார் என்று நிர்வாகிக்கு எழுதிக் கொடுத்தேன். தனியாளாக இரண்டு பெண்களை வளர்த்தவருக்கு அந்த வாரமே வேலை போயிற்று. மறுபடி உப்பளத்துக்குப் போனார்.

அதன்பிறகு நாலு மணிக்கு லைன் போகவில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மூன்றே மாதத்தில் பெட்டி அரித்து, உள்ளே இணைப்புகளில் பச்சை பூத்து, இரண்டு லைனும் ஒரேயடியாகப் போயின. வெட்கத்தை விட்டு உப்பளத்துக்குப் போய் மேரியக்காவைத் திரும்பக் கூப்பிட்டேன்.

“வேணாம் சார். அங்க வந்தா நீங்க என் கையையே பாத்துட்டு இருப்பீங்க.”

உண்மைதான். பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

சமீபத்தில் அந்தப் பக்கம் போனேன். மையத்தை இடித்து ரிசார்ட் கட்டியிருக்கிறார்கள். எதிரே பெட்டிக்கடையில் மேரியக்காவை விசாரித்தேன்.

“ஒயர நோண்டி வேலை போச்சே, அந்த மேரியா? அது செத்து ரொம்ப நாளாச்சுங்க,” என்றார் கடைக்காரர்.

“அவங்க நோண்டலங்க. தொடச்சாங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.