கண்ணாடி இல்லாமல் சவரம் செய்த கண்டக்டர்

போன செவ்வாய்க்கிழமை காலை மேலகரத்தில் பஸ் ஏறினேன். வேறு யாரோ டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். "இசக்கிமுத்து அண்ணாச்சி லீவா?" என்று டிரைவரிடம் கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "காய்ச்சல்ல கெடந்தாவள்லா, நேத்துச் சாயங்காலம் போயிட்டாவ தம்பி" என்றார்.

இந்தக் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கிற எல்லாரும் அவரிடம் டிக்கெட் வாங்கியவர்கள்தான். அவர் குற்றாலத்தில் சவரம் செய்வதையும் பலர் பார்த்திருப்பீர்கள். காலை முதல் வண்டி அங்கே முக்கால் மணி நேரம் நிற்கும். டிரைவர் டீக்கடைக்குப் போவார். அண்ணாச்சி ரேசரும் சோப்புமாகப் பேரருவிக்குப் போவார். சீசன் நாட்களில், பள்ளிக்கூடத்துக்கு முன் ஒரு குளியல் போட நானும் அதே வண்டியில் போய்வருவேன்.

அவர் சவரத்தில் அவசரம் கிடையாது. முதலில் அருவிக்குள் முகத்தைக் கொடுத்துவிட்டு நிற்பார், நின்றுகொண்டே இருப்பார். "தாடி என்ன அழுக்குத் துணியா அண்ணாச்சி, இம்புட்டு நேரம் ஊறப் போடுதிய?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊறாத உளுந்து அரையுமாலே? முடியும் அப்படித்தான்."

ஊறியதும் வெளியே வந்து, சாரல் மட்டும் படுகிற பாறை ஓரத்தில் நின்றுதான் சோப்புப் போடுவார். "தண்ணி தலையில அடிக்குதப்போ பிளேடை எடுத்தா, மூக்கை இங்கனயே விட்டுட்டுப் போவணும்" என்பார். ஒரு இழுப்பு, உடனே ரேசரைச் சாரலில் ஒரு அலசல். அமுக்கமாட்டார். ஒரு கன்னம் முடிந்ததும் மறுபடி அருவிக்குள் போய் மறு கன்னத்தை ஊறவைப்பார்.

சிவகிரியிலிருந்து குளிக்க வந்த ஒருவர், பாவம் என்று நினைத்துத் தன் கைக்கண்ணாடியை நீட்டினார். அண்ணாச்சி கும்பிட்டு மறுத்துவிட்டார். "கண்ணாடி மூஞ்சியத்தான் காட்டும். முடி எந்தப் பக்கம் படுத்திருக்குன்னு விரலுக்குத்தான் தெரியும்."

குற்றாலத்தில் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குள் போவார்கள். அவர் மட்டும் சவரம் முடிகிறவரை எண்ணெயைத் தொடமாட்டார். "எண்ணெய்க் கையில ரேசர் நிக்காதுலே" என்றார். அதை என்னிடம் போய்ச் சொன்னதுதான் அவர் செய்த ஒரே தப்பு.

இரண்டு வருஷத்துக்கு முந்திய சீசன். வலது கன்னத்தை முடித்து, ரேசரைப் பாறையில் வைத்துவிட்டு அருவிக்குள் போனார். நான் என் புட்டியிலிருந்து நல்லெண்ணெயை அதன் பிடியில் தாராளமாகத் தடவினேன். அவர் வந்து இடது கன்னத்தில் வைத்ததும் ரேசர் மீன்போலத் துள்ளி, ஓடுகிற தண்ணீரோடு போயேபோய்விட்டது. அவர் விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சலூனுக்குப் போக நேரமில்லை. வண்டி எடுத்தாக வேண்டும்.

தென்காசி ஸ்டாண்டில் பஸ் முதலாளி நின்றிருந்தார். கண்டக்டர் கன்னத்தில் முள் தெரிந்தாலே அன்று வேலை தரமாட்டார்.

"என்னவே இது, மூஞ்சி பாதிதான் விடிஞ்சிருக்கு?"

"ரேசரு தண்ணில போயிட்டு மொதலாளி."

"கையில பிடிச்ச ரேசரு எப்படிவே போவும்?"

நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். அண்ணாச்சி என் பக்கமே திரும்பவில்லை. "கை வழுக்கிட்டு" என்றார். முதலாளி அவர் தோளிலிருந்த தோல்பையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "வண்டியில ஏறவேண்டாம்வே, வீட்டுக்குப் போம்."

ஒரு நாள் தண்டனை என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது, அவரை ஏற்கெனவே ஒருமுறை எச்சரித்திருந்தார்களாம். இனி அவருக்கு வேலை இல்லையாம்.

மறுநாள் காலை சலூனுக்குப் போனேன். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற என் மீசையில் ஒரு பாதியை எடுக்கச் சொன்னேன். சலூன்காரர், "ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். அப்படியே ஸ்டாண்டுக்குப் போய் முதலாளி முன்னால் நின்றேன்.

"மொதலாளி, ரேசர்ல எண்ணெய் தடவுனது நான்தான். பாதி விடிஞ்ச மூஞ்சிக்கு ஒங்க வண்டியில எடமில்லன்னா, என்னையும் ஏத்தாதீய."

ஸ்டாண்டே சிரித்தது. முதலாளி சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. என் காதைத் திருகிக்கொண்டே, "போய் அவனைக் கூட்டிட்டு வாலே, எடுபட்ட பயலே" என்றார். பள்ளிக்கூடத்தில் மூன்று வாரம் என் பெயர் 'அரை டிக்கெட்'.

அவர் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "எம் பேரை ஏன் அண்ணாச்சி சொல்லல?" என்று கேட்டேன். அவர் என் மீசையைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சொன்னா ஒங்கப்பா தோலை உரிச்சிருப்பாரு. எனக்கு வேற வண்டி கெடைக்கும்லே. ஒனக்கு வேற அப்பா கெடைப்பாரா?"

வேறு வண்டி அவ்வளவு எளிதில் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும், கதவோரம் நின்ற அவர் மனைவிக்கும் தெரியும். அந்த வயதில் எனக்கே தெரிந்தது.

நாள் முழுக்க ஊர்ப் பெயர்களைக் கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போன மனிதர், அன்று அத்தனை பேர் நடுவில் என் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். வகுப்பில், "யார்லே செஞ்சது?" என்று வாத்தியார் பிரம்போடு நிற்கும்போது, அடுத்தவன் பெயர் என் நாக்கு நுனிவரை வரும். வந்து, அங்கேயே நின்றுவிடும்.