கரண்டு வைக்கணுமா?

"காப்பியில சீனி பத்தலடி." சைகோனில், மாதக்கணக்காகப் பேசாமல் கிடந்த என் சித்தி வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை இதுதான். டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடிப்போய் ஓவென்று அழுதேன். அவர்கள் வீட்டில் தங்கிப் படித்தவள் நான். ஊட்டிய சோற்றை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு, சாகத்தான் படுத்திருந்தாள் சித்தி. ஆஸ்பத்திரியில் ஒரு வியட்நாமிய டாக்டர் மயக்க ஊசி போட்டு, தலையில் மின்சாரம் வைத்து, பல தடவை அப்படிச் செய்து, அவளை மீட்டுக் கொடுத்தார். கொஞ்ச நாள் மறதி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் பெயர்கூட வரவில்லை. போகட்டுமே, ஆள் பிழைத்தாளே! அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

என் ஆத்திரமெல்லாம் சித்தப்பா மேல். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் துணிக்கடை. பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போன பிறகும் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் 'போன்ழூர் முசே' சொல்லிக்கொண்டிருந்தவர். ஊருக்குள்ளேயே குண்டு விழத் தொடங்கிய சமயம், கடைத்தெரு நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். பரிமாறிக்கொண்டே சித்தி சொன்னாள்: "கடைய வித்துட்டுக் காரைக்காலுக்கே போயிடுவோங்க. பிள்ளைங்கள நெனச்சுப் பாருங்க."

அவர் இலையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "என்ன, திரும்பவும் கரண்டு வைக்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பாவி மனுஷன்! அன்றிலிருந்து அதுவே அவருக்கு வாய்ப்பாடாகிவிட்டது. கடன்காரனுக்கு ஏன் துணி கொடுத்தீர்கள் என்று கேட்டால் கரண்டு. பிள்ளையை அடிக்காதீர்கள் என்றால் கரண்டு. உயிரைக் காப்பாற்றிய வைத்தியத்தை இவர் பிரம்பாக்கிக் கையில் வைத்துக்கொண்டார். சித்தி வாயை மூடிக்கொண்டாள். வந்துபோன சொந்தக்காரர்கள், எவ்வளவு அடக்கமாகிவிட்டாள் பார் என்று மெச்சிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் கடையும் போய், கட்டிய துணியோடுதான் ஊர் வந்து சேர்ந்தோம்.

சித்தப்பா போய்ச் சேர்ந்து சில வருஷம் கழித்து அதே நோய் திரும்பியது. எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. சோறு தண்ணீர் இல்லை, பேச்சு இல்லை. காரைக்காலில் சித்தியைப் பார்த்த டாக்டர் சின்னப் பெண், தங்கமான பெண். கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடி உங்களுக்குக் கேட்டது கரண்டு வைத்தியம்தானேம்மா, இப்பவும் வச்சுக்கலாமா?" என்று கேட்டது.

சித்தி கையை உருவிக்கொண்டு, எழுந்து உட்கார்ந்து, அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நான் ஒண்ணுமே பேசலையேம்மா."