கழுவிவிட்ட படிகள்

அளவுக்காரருக்குச் சுத்தம் ஒரு வியாதி. தினமும் காலை எட்டு மணிக்கு ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் அவர் வேலை. அதற்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் ஏழு மணிக்கே வாளியும் விளக்குமாறுமாக வந்து, அளவுக்கம்பம் நிற்கிற பதினாறு கல்படிகளையும் தேய்த்துக் கழுவுவார். "வீட்ல ஒரு துரும்பை நகர்த்த மாட்டாரு, ஆத்துக்கு மட்டும் சேவகம்" என்று மனைவி இடித்துக்காட்டுவாள்.

படிகளை அழுக்காக்குவது ஒரு நீர்நாய்க் குடும்பம். மீன் தின்றுவிட்டு, முள்ளும் செதிலுமான எச்சத்தைப் படியிலேயே வைத்துவிட்டுப் போகும். இவர் கழுவ, அவை மறுபடி வைக்க, பதினோரு வருஷமாக இந்தப் போட்டி. வாய் ஓயாமல் திட்டுவார். குட்டிகளோடு நீந்திப் போவதைப் பார்த்தால் மட்டும் வாளியை வைத்துவிட்டு நின்றுவிடுவார்.

ஒரு மைல் கீழே நீர்த்தேக்கம் கட்டப் போகிறார்கள் என்றார்கள். விலங்குகளையும் மீன்களையும் கணக்கெடுக்க ஒரு குழு வந்து மூன்று நாள் ஆற்றோரமாக அலைந்தது. வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாதே என்று, மூன்று நாளும் விடியுமுன்பே எழுந்து, படிகளோடு பக்கத்துப் பாறைகளையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவைத்தார் மனுஷன்.

குழுவின் அறிக்கை அலுவலக அறிவிப்புப் பலகைக்கு வந்தது. நீர்நாய் இருப்பதற்குத் தடயமே இல்லையாம். ஆகவே அதற்கு இரையாகும் மீன்கள் முட்டையிட மேலேறி வர அணைச் சுவரில் வழி விட வேண்டியதும் இல்லையாம். ஆட்சேபம் சொல்ல இருபது நாள் கெடு. அளவுக்காரர் கணக்கெடுப்புக் குழுவில் வந்திருந்த பெண்ணுக்கு உடனே போன் போட்டார்.

"அம்மா, தடயம் இருந்துச்சு. நான்தான் கழுவிட்டேன்."

"மூணு நாளுமா?"

"நீங்க வர்றீங்கன்னு கொஞ்சம் கூடுதலாவே கழுவினேன்."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. "வாய்ல சொன்னா எடுபடாதுய்யா. போட்டோ அனுப்பினா எங்க எடுத்ததுன்னு கேப்பாங்க. அரசாங்க எழுத்துல, தேதி போட்டு, முத்திரையோட ஏதாச்சும் வேணும்."

பதிவேடுகளைப் புரட்டினார். பதினோரு வருஷமும் நீர்மட்டம், நீர்மட்டம். ஒரு நீர்நாய்கூட எழுத்தில் இல்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதல் விளக்குமாற்றைத் தொடவில்லை. கை பரபரத்தது. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தாள்.

"உங்க மேல மொட்டைக் கடுதாசி போடறேன். சுத்தம் பண்றதே இல்லைன்னு. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி எழுதினாத்தான் மேலதிகாரி எந்திரிச்சு வருவாரு."

கெடுவின் பதினாலாம் நாள் மேலதிகாரி வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு படி இறங்கினார்.

"என்னய்யா கண்றாவி இது? உம்மை ஊருக்கே உதாரணமாச் சொல்லிட்டிருந்தேனே!"

"தப்புதாங்க. மெமோ குடுத்துடுங்க."

மேலதிகாரி கோபத்தோடு எழுதத் தொடங்கினார். அளவுக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"அசுத்தம்னு மட்டும் போட்டா எப்படிங்க? நீர்நாய் எச்சம்னு போடுங்க. முப்பத்தெட்டு இடத்துல இருக்கு, எண்ணிட்டேன்."

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தினார். அளவுக்காரர் வாங்கிய முதல் மெமோ அது. கையெழுத்துப் போடும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானமும் இருந்தது, இல்லாமல் என்ன.

"இன்னொரு நகல் கிடைக்குங்களா?" என்று கேட்டார்.